கடலில் இல்லாததைத் தேடினோம்

"கடலு கூப்பிடு தூரத்துல கெடக்கு. தண்ணி கரிக்காம இனிக்கவா செய்யும்?" என்பார் என் அப்பத்தா. ராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்த எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். கிணறு கரித்தால் காரணம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால்தான் ஊருக்கு வடக்கே இருக்கும் குப்பைக் கிடங்கின் கசிவு எங்கள் ஊற்றுகளில் கலந்தது பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டையும், நடுவில் செய்த தவறுகளையும் எழுதி வைக்கிறேன். கடற்கரையில் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது உதவும். பேச்சுவார்த்தை இன்னும் நடப்பதால் ஊரின் பெயரையோ கிடங்கை நடத்துகிறவர்களின் பெயரையோ எழுதவில்லை.

நான் வேதியியல் படித்தவள். மதுரையில் ஒரு தனியார் லேபில் ஆறு வருடம் தண்ணீர் சோதிக்கும் வேலை பார்த்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் துணையாக ஊருக்கே வந்துவிட்டேன். வந்த வாரமே உறுத்தியது டீதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் அம்மா ஊற்றுத் தண்ணீரில் டீ போட்டார். டிகாக்ஷன் மை மாதிரி கறுத்திருந்தது. "இப்பெல்லாம் இப்படித்தான் வருது, தூளு சரியில்ல போல" என்றார். தூள் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு தேயிலையில் உள்ள டானினோடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதுகிற மை செய்ததே இந்த வழியில்தான். அதே தண்ணீரை ஒரு எவர்சில்வர் குடத்தில் இரவு முழுக்க வைத்தேன். மொள்ளும்போது பளிங்காக இருந்த தண்ணீர், காலையில் மஞ்சளாகி, அடியில் துருப்பொடி படிந்திருந்தது. கடல் தண்ணீர் கலந்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது. ஆனால் டீ கறுக்காது.

எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் ஒரு நல்ல தண்ணீர்ப் படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு அது கடல் தண்ணீரைத் தள்ளி வைத்திருக்கும் என்று கணக்கு. இதைப் படிக்காமலே எங்கள் பெண்களுக்குத் தெரியும். மணலில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, உள்ளே இறங்கி, சிரட்டையால் மெல்ல மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அவசரப்பட்டு வாளி போட்டு இறைத்தால் அடியிலிருந்து கரிப்பு மேலே ஏறிவிடும். அப்படிப்பட்ட மண்ணில்தான் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி, நிலத்தில் புதைக்கிற இடத்துக்கு அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் தளமும் அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும் என்று இருந்தது. நிலத்தடி நீர் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் தளத்துக்கு 2 மீட்டராவது கீழே நிற்க வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் பக்கம் கார்த்திகை மழை நின்ற பிறகு கையை விட்டால் எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் நிற்கும். கிடங்கில் களிமண் தளமும் கிடையாது, விரிப்பும் கிடையாது. பழைய மணல் குழியில் நேராகக் கொட்டிய குப்பை அது.

முதல் தவறு என்னுடையது. ஆன்லைனில் ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி வாங்கி, பதினோரு கிணறுகளில் முக்கி எடுத்து, பட்டியல் போட்டு மனுவோடு இணைத்தேன். எல்லாம் லிட்டருக்கு 1,500, 2,000, 2,600 மில்லிகிராம் என்று நின்றன. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். பெரிய ஆதாரம் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு போனேன். மனுவை வாங்கிய அதிகாரி பட்டியலை நிதானமாகப் பார்த்துவிட்டு, "கடலோரத்துல எல்லாக் கிணறும் இப்படித்தானேம்மா இருக்கும், இதுல குப்பை எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த மீட்டர் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணித்துச் சொல்லும். அது கடல் உப்பா, கசிவு உப்பா என்று அதற்குத் தெரியாது.

அடுத்ததாக ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நான்கு கிணற்றுத் தண்ணீரை ஒரு லேபுக்கு அனுப்பினோம். சிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள கரிமக் கழிவின் அளவு, நான்கிலும் எக்கச்சக்கமாக வந்தது. கிடங்கிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும் பள்ளிவாசல் கிணற்றிலும் அதே மாதிரி. ஊரில் எல்லோரும் பதறிவிட்டார்கள். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சிஓடி சோதனையில் ஊற்றுகிற டைக்ரோமேட் என்ற ரசாயனம், கழிவோடு சேர்த்து உப்பில் உள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். குளோரைடைக் கட்டிப்போட பாதரச சல்பேட் போடுவார்கள்; ஓர் அளவு வரைதான் அது தாங்கும். உப்புத் தண்ணீரில் அதற்கு மேல் போனால் கடல் உப்பே கழிவாகக் கணக்கில் ஏறும். இத்தனைக்கும் லேபில் வேலை பார்த்தவள் நான். மதுரைப் பக்கத்துச் சாம்பிள்களில் இந்தப் பிரச்சினை எனக்கு வந்ததே இல்லை. ஆகவே கடற்கரையிலிருந்து சாம்பிள் அனுப்பினால், "குளோரைடு அதிகம், நீர்க்கச் செய்து பாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் சிஓடி எண்ணுக்குப் பக்கத்தில் குளோரைடு எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு கண்ணியும் இருந்தது. எங்கள் ஊற்றில் நைட்ரேட் மிகக் குறைவு, "திருப்திகரம்" என்று போட்டிருந்தது. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் நல்லதுதானே என்றுதான் தோன்றும். ஆனால் நெருக்கமாக வீடும் கழிப்பறைக் குழியும் உள்ள மணல் ஊரில் நைட்ரேட் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும். பள்ளிவாசல் கிணற்றில் இருந்தது. எங்கள் ஊற்றில் மட்டும் ஏன் காணோம்? குப்பைக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டைத் தின்று தீர்க்கின்றன, பிறகு மணல் துகள்களில் ஒட்டியிருக்கும் மாங்கனீசையும் இரும்பையும் கரைக்கின்றன. நைட்ரேட் காணாமல் போனதும் அம்மாவின் டீ கறுத்ததும் ஒரே காரணத்தால்தான்.

அன்றிலிருந்து எங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம். தண்ணீரில் என்ன அதிகம் என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, கடல் கொடுக்க முடியாதது இதில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தோம். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் குளோரைடே போதுமான சாட்சி. எங்கள் கரையில் அது உதவாது. அமோனியாதான் முதல் சாட்சி. மட்கும் குப்பையின் கசிவில் அது ஏராளம், கடல் தண்ணீரில் இல்லை என்றே சொல்லலாம். குடிநீரில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இரண்டாவது சாட்சி பொட்டாசியம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடும் 400 மில்லிகிராமை ஒட்டிப் பொட்டாசியமும் இருக்கும். அதாவது 1,000 குளோரைடு கடலிலிருந்து வந்தால் கூடவே 20 பொட்டாசியம்தான் வரும். மண்ணில் ஊடுருவும்போது களிமண் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதற்கும் குறையலாம். எங்கள் ஊற்றில் குளோரைடு 700. கடல் மட்டும் காரணம் என்றால் பொட்டாசியம் 14, 15 இருக்க வேண்டும். இருந்தது 61. கிடங்குக்கு வடக்கே உள்ள தென்னந்தோப்புக் கிணற்றில் குளோரைடு 900, பொட்டாசியம் 19. இந்த இரண்டு வரியை ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதே அதிகாரி இந்த முறை கால்குலேட்டரை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தார்.

உரம் போடுகிற தோட்டம், மாட்டுத் தொழுவம், சாம்பல் கொட்டுகிற இடம் பக்கத்தில் இருந்தாலும் பொட்டாசியம் ஏறும். அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அமோனியா, பொட்டாசியம், இரும்பு, மாங்கனீசு, காரத்தன்மை எல்லாம் ஒரே கிணற்றில் சேர்ந்து ஏறி, கிடங்கை விட்டுத் தள்ளிப் போகப் போக சேர்ந்தே குறைந்தால் பிறகு சந்தேகப்பட அதிகம் இல்லை. ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் கள ஆய்வுப் பெட்டியில் அமோனியா பார்க்கலாம். ஆனால் அமோனியாவைக் காட்டும் நெஸ்லர் கரைசல் ஊற்றியதும் எங்கள் தண்ணீர் மஞ்சளாகாமல் மோர் மாதிரி கலங்கிப் போனது. கால்சியமும் மக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரில் அப்படி ஆகும். முதலில் சில சொட்டு ரோஷல் உப்புக் கரைசல் விட்டால் தெளிந்து நிற்கும். பிளீச்சிங் பவுடர் போடுகிற அண்ணன் சொன்னதும் பொருந்தி வந்தது: "இந்தக் கிணத்துல எவ்வளவு போட்டாலும் மறுநாள் மருந்து நிக்க மாட்டேங்குது." பவுடரில் உள்ள குளோரினை அமோனியா தின்றுவிடும். 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைக் கடந்து குளோரின் நிற்க எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரின் வேண்டும்.

சாம்பிள் எடுப்பதில் நாங்கள் பெற்ற பெரிய அடி மீன் பெட்டியால் வந்தது. சாம்பிளைக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுத் தம்பி தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் போட்டுக் கொடுத்தான். பழக்கத்தில் நான் ஒரு வெற்று பாட்டிலும் கூடவே அனுப்புவேன். அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை ஊரிலேயே பாட்டிலில் ஊற்றி, மற்ற பாட்டில்களோடு சேர்த்து லேபுக்கு விடுவது. அதில் எதுவும் இருக்கக் கூடாது. அந்த வெற்று பாட்டிலில் அமோனியா வந்துவிட்டது. பெட்டியை மோந்து பார்த்தேன். எத்தனையோ நாள் சூடையும் நெத்திலியும் இருந்த பெட்டி அது. உருகிய ஐஸ் தண்ணீரில் பாட்டில்களின் கழுத்து வரை மூழ்கியிருந்தது. மீன் அழுகினாலும் அமோனியாதான். அந்த மாதத்துச் சாம்பிள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, புதுப் பெட்டி வாங்கி, ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனிக் கவரில் கட்டி, மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். பணம் போனது வருத்தம்தான். வெற்று பாட்டில் மட்டும் இல்லாதிருந்தால் அந்தத் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு நான் சண்டைக்கே போயிருப்பேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. உலோகம் பார்க்கிற பாட்டிலிலும் அமோனியா பார்க்கிற பாட்டிலிலும் லேபில் முன்கூட்டியே அமிலம் விட்டுக் கொடுப்பார்கள். மற்ற பாட்டில்களை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும், இவற்றை அலசவே கூடாது. கூட வந்த பிள்ளை ஒருத்தி நல்ல மனசோடு அமிலத்தை அலசிக் கொட்டிவிட்டாள்; கையில் படாமல் போனது எங்கள் நல்ல காலம். கிருமி பார்க்கிற பாட்டிலையும் அலசக் கூடாது, வாய் வரை நிரப்பவும் கூடாது. போர்வெல் என்றால் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை மூன்று மடங்கு வெளியேற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர் நிற்கும். 6 மீட்டர் தண்ணீர் நின்றால் 150 லிட்டர், சுமார் பத்துக் குடம். ஆனால் மணல் ஊற்றில் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் அடிக் கரிப்பு ஏறி எல்லாம் கெட்டுவிடும். அங்கே அப்பத்தாவின் முறைதான் சரி. விடியற்காலையில், யாரும் இறைப்பதற்கு முன்னால், ஊறி நிற்பதைச் சிரட்டையால் கலங்காமல் மொள்ளுவது. எந்த முறை எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே முறையில் எடுக்க வேண்டும். சுத்தமான கிணற்றில் ஆரம்பித்து மோசமான கிணற்றில் முடிக்க வேண்டும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் எங்களை அதிகம் ஏமாற்றியது. கடலைப் பார்த்துத்தானே ஓடும் என்று நினைத்து, கிடங்குக்கு வடக்கே உள்ள தோப்புக் கிணற்றை ஒப்பீட்டுக் கிணறாக வைத்திருந்தோம். தை மாதம் அதில் அமோனியா இல்லை. வைகாசியில் 0.4 வந்தது. வெற்று பாட்டில் சுத்தம், இரண்டாவது சாம்பிளும் அதையே சொன்னது. எனக்குத் தலை சுற்றியது. கொத்தனார் வேலை பார்க்கும் என் மாமாவிடம் கேட்டேன். "மூணு கெணத்து வாயும் ஒரே மட்டமா இருக்கான்னு தெரியாம தண்ணி எங்க ஓடுதுன்னு எப்படிச் சொல்லுவ?" என்று, கட்டடத்துக்கு மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அவர் பிடிக்க, முளை அடித்து அடித்து ஒரு நாள் முழுக்கப் போனோம். தோப்பு, கிடங்கின் வேலியோரக் கிணறு, எங்கள் ஊற்று மூன்றின் விளிம்புக்கும் உயர வித்தியாசம் கிடைத்தது. பிறகு கயிற்றில் எடைக்கல் கட்டி விளிம்பிலிருந்து தண்ணீர் ஆழத்தை அளந்து கழித்தால், எந்த இடத்தில் தண்ணீர் மட்டம் உசரம் என்று தெரிந்துவிடும். மழைக்காலத்தில் தோப்பில் உசரம், ஊற்றில் தாழ்வு. கோடையில் தோப்பில்தான் எல்லாவற்றையும்விடத் தாழ்வு.

தோப்புக்காரக் காக்காவிடம், அதாவது அண்ணனிடம், போய்ச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "தென்னைக்கு ரெண்டு மோட்டார் பகலெல்லாம் ஓடுது தங்கச்சி. அப்ப நானே இழுத்து எடுத்துக்கிட்டு இருக்கேனா?" என்றார். அந்தத் தண்ணீரைத்தான் அவர் வீட்டில் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றே குடிப்பதை நிறுத்தினார். அடுத்த மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

மேல்தண்ணீர் கதை வேறு. கிடங்கை ஒட்டி ஒரு ஓடை இருக்கிறது. வருடத்தில் ஒன்பது மாதம் வறண்டு கிடக்கும். மழை வந்தால் கிடங்கைத் தொட்டுக்கொண்டு கடலில் போய் விழும். அங்கேதான் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள், பவளப் பாறைகள், சங்கு எடுப்பவர்களின் பிழைப்பு எல்லாம் இருக்கிறது. ஓடையில் ஐப்பசியின் முதல் பெருமழையன்றே எடுக்க வேண்டும். கோடை முழுக்கச் சேர்ந்தது அன்றுதான் கிளம்பி வரும், வரக்காப்பி நிறத்தில். மூன்று நாள் கழித்துப் போனால் வெறும் மழைத்தண்ணீர்தான் கிடைக்கும். கிடங்குக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், கடலில் சேர்கிற இடத்தில் ஒன்று. கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள், ஏறுகிற நேரத்தில் போனால் கடலைத்தான் மொண்டு வருவீர்கள். கீழ் இடத்தில் ஆரம்பித்து மேலே நடந்தால், காலால் கலக்கிய சேறு பாட்டிலுக்குள் வராது. தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மாதிரி மினுங்கும் ஏடு தெரிந்தால் குச்சியால் தொட்டுப் பார்க்கலாம். அப்பளம் நொறுங்குவது போலத் துண்டு துண்டாக உடைந்தால் இரும்புப் பாக்டீரியா. உடைந்த இடம் உடனே மூடிக்கொண்டால் நிஜ எண்ணெய்.

பதினெட்டு மாதத் தாள்களோடு போனபோது பேச்சு வேறு மாதிரி இருந்தது. கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என்று காலம் மாற்றிச் சோதிக்க வேண்டும் என்று அந்த 2016 விதிகளே சொல்லின. அந்த வரியைக் காட்டி, இதுவரை எடுத்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். சோதனையே நடக்கவில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் கூட்டுச் சாம்பிளுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒரே கிணற்றில், ஒரே நேரத்தில், அவர்கள் ஒரு பாட்டில், நாங்கள் ஒரு பாட்டில். இரண்டு லேபின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வேலியை ஒட்டித் தெற்கே இரண்டும் வடக்கே ஒன்றுமாகச் சோதனைக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். புதிதாகக் கொட்டுவது அந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் லாரித் தண்ணீர் வருகிறது. பெண்கள் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கிக்கொண்டு நடந்த தூரம் எங்கள் தெருவுக்காவது குறைந்திருக்கிறது.

எங்கள் ஊற்றுத் தண்ணீரை இப்போது பாத்திரம் கழுவவும் செடிக்கும்தான் எடுக்கிறோம். அப்பத்தாவுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. அவர் கல்யாணமாகி வந்த வருடம் தோண்டிய ஊற்று அது. ஆனாலும் மாதம் பிறந்தால் கயிற்றையும் எடைக்கல்லையும் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். நான் ஆழத்தைச் சொல்லச் சொல்ல, கதவுக்குப் பின்னால் பால் கணக்கு எழுதும் இடத்துக்குக் கீழே அம்மா கரியால் குறித்துக்கொள்கிறார். புதுப் பெட்டியில் பன்னிரண்டு பாட்டில்கள் கழுவிக் காயவைத்துத் தயாராக இருக்கின்றன. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம்.